பாணஸ்வாடிக் கிணறும் ஓஸ்வால்டின் நாக்கும்

காக்ஸ் டவுன் தேவாலயத்தில் பாஸ்டர், உள்ளதை வைத்துக்கொண்டு திருப்தியாக இருப்பது எப்படி என்று உருக்கமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோதுதான், ஓஸ்வால்ட் ஒரு கார் வாங்கியே தீருவது என்று தீர்மானம் செய்தார்.

தப்பு அவர் மேல் இல்லை. அவர் உட்கார்ந்திருந்தது ஜன்னல் ஓரம். ஜன்னலுக்கு வெளியே அந்தக் கார் நின்றிருந்தது. ஓஸ்வால்டின் எதிர்வீட்டில் இருந்த ஆங்கிலோ-இந்தியரின் ஆஸ்டின். அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போகிறார். காரை நல்ல மனிதர் ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனால் போதும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காக்ஸ் டவுனில் தம்மைவிட நல்ல மனிதர் யார் என்று ஓஸ்வால்ட் யோசித்துப் பார்த்தார். பிரசங்கம் முடிகிறவரையில் ஒருவரும் அகப்படவில்லை.

கண்டோன்மென்டில் ஓர் ஆபீசில் அவர் ஹெட் கிளார்க். ஹெட் கிளார்க் சைக்கிளில் போகலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் கேரியரில் கத்தரிக்காய் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகும் ஹெட் கிளார்க் பெங்களூர் முழுவதற்கும் அவர் ஒருவர்தான். அதற்குக் காரணம் அவருடைய மாமனார்.

மகளோடு நகை கொடுக்கும் மாமனார் உண்டு. வீடு கொடுக்கும் மாமனார் உண்டு. இவர் வேலை கொடுத்துவிட்டுப் போனார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையரானவர், பாணஸ்வாடியில் இரண்டு ஏக்கர் வாங்கி, ஒரு கிணறும் தோண்டி, அதை ஒரே மகள் நோராவின் பேருக்கு எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார். அன்றிலிருந்து ஓஸ்வால்டுக்கு நிம்மதி போயிற்று. சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். மீதி அரை நாள் மாமனாருக்கு. நிலத்தை உழுது பயிர் செய்வது கோவிந்தப்பா என்ற உள்ளூர்க்காரன்தான். ஆனால் போய் மேற்பார்வை பார்த்து, மண்ணை மிதித்து, காலில் முள் குத்திக்கொண்டு, கத்தரிக்காயோடு திரும்புவது ஓஸ்வால்ட்.

இத்தனைக்கும் பாணஸ்வாடி ரோட்டில் ஒவ்வொரு வயலாக வீடு கட்டும் சைட்டாக மாறிக்கொண்டிருந்தது. நேற்றுக் கேழ்வரகு நின்ற இடத்தில் இன்று எல்லைக் கல் நின்றது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் விற்றுவிட்டு வேட்டியிலிருந்து பேண்ட்டுக்கு மாறிவிட்டார்கள். ஓஸ்வால்ட் மட்டும் வாரம் தவறாமல் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம், தேங்காய்ச் சாதத்துக்கும் கைமா உருண்டைக் குழம்புக்கும் நடுவில் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"நோரா, உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"கார் வேணும், அதானே?"

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? பாஸ்டர் பேசறாரு, உங்க ரெண்டு கையும் ஸ்டியரிங் புடிச்சிட்டிருக்கு. லேடீஸ் பக்கத்திலேர்ந்து நல்லாத் தெரிஞ்சுது. சரளா பார்த்துட்டு வாயப் பொத்திட்டுச் சிரிக்கிறாங்க."

சரளா நோராவின் சிநேகிதி. ஹென்னூரில் அவளுக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. நிலமுள்ள பெண்கள் எல்லோருமே தமக்கு விரோதிகள் என்பது ஓஸ்வால்டின் அபிப்பிராயம்.

"அவங்க சிரிக்கட்டும். கார் வாங்கறதா, இல்லியா?"

"வாங்கலாம். பணம்?"

"உங்கப்பா நெலம் இருக்குதே."

சொல்லிவிட்டு ஓஸ்வால்ட் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். வழக்கமாக இந்த வாக்கியத்துக்கு அப்புறம் நோராவின் கையிலுள்ள கரண்டி மேஜையில் ஓங்கி விழும். இன்று அந்தக் கரண்டி இன்னும் இரண்டு உருண்டைகளை எடுத்து அவர் தட்டில் வைத்தது. பயப்பட வேண்டிய நேரம் அதுதான். ஓஸ்வால்ட் சாப்பிட்டார்.

"வித்துடலாங்க," என்றாள் நோரா.

உருண்டை தொண்டையில் நின்றுவிட்டது. அவளே தண்ணீர் கொடுத்து, தலையையும் தட்டினாள்.

"ஆனா ஒரு கண்டிஷன். கிணறு ஆழமாக்க, திராட்சைக் கொடி வைக்க, பம்ப் செட் போட, எல்லாத்துக்கும் சர்க்கார்ல கடன் உதவி தராங்க. போன வருஷம் எழுதிப் போட்டேன். ஆபீசர் வந்து நெலத்தப் பாத்துட்டு, கெடையாதுன்னுட்டுப் போனாருல்ல?"

"போனாரு, போனாரு."

ஓஸ்வால்டுக்கு அது மறக்குமா? அன்று சாயங்காலம் அவர் யாருக்கும் தெரியாமல் பேக்கரிக்குப் போய்த் தமக்குத் தாமே ஒரு பிளம் கேக் வாங்கிக்கொடுத்துக் கொண்டாடினார். மாமனார் நிலத்தின் லட்சணம் சர்க்காருக்கே தெரிந்துவிட்டது என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"மறுபடியும் எழுதிப் போட்டிருக்கேன்," என்றாள் நோரா. "அவரு மாத்தலாயிப் போயிட்டாரு. புது ஆபீசர் வர்ற சனிக்கிழமை வராராம். இந்தத் தடவையும் கெடையாதுன்னு சொல்லிட்டா, நீங்க காட்டற எடத்துல நான் கையெழுத்துப் போடறேன். உங்க இஷ்டம், வித்துக்குங்க. ஆனா உதவி கெடைச்சுட்டா, அப்புறம் விக்கற பேச்சையே எடுக்கக் கூடாது."

"சத்தியமா?"

"சர்ச்சுக்குக் கட்டிட்டுப் போன சேலையக்கூட இன்னும் மாத்தலே. இதோடதான் சொல்றேன்."

"சரி. ஆபீசர்கூட யாரு போறது?"

"நீங்கதான். எனக்கு எங்க நேரம்? சனிக்கிழமை பெண்கள் சங்கத்துல ஜாம் கிளறுறோம்."

ஓஸ்வால்டுக்குத் தம் காதுகளை நம்ப முடியவில்லை. நிலம், ஆபீசர், தாம். நடுவில் நோரா இல்லை! போன வருஷமே ஓர் ஆபீசர் பார்த்துக் கழித்துக் கட்டிய நிலம். பாக்கி ஒரே ஒரு தள்ளு. அதற்குத் தம்முடைய நாக்கு போதும்.

"ஒண்ணே ஒண்ணுங்க," என்றாள் நோரா, தட்டை எடுத்துக்கொண்டே. "எங்கப்பா நெலத்தப் பத்தி அவருகிட்ட மட்டமாப் பேசிடாதீங்க."

"சேச்சே! உள்ளதத்தான் சொல்லுவேன்."

"அதான் பயமா இருக்கு," என்று நோரா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் பாவம் என்று நினைத்து ஓஸ்வால்ட் மனம் இளகி, அன்று தம்முடைய தட்டைத் தாமே கழுவினார்.

அந்த வாரம் முழுவதும் ஆபீசில் வேலை நடக்கவில்லை, ஒத்திகை நடந்தது. முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து நிலத்தைத் திட்டினார். டிபன் சாப்பிடும்போது பக்கத்து மேஜைக்காரரிடம் நிலத்தைத் திட்டினார். இத்தனை வருஷமாக நோரா காதில் விழாமல் முணுமுணுத்ததை எல்லாம் இப்போது வாய்விட்டுச் சொல்ல முடிந்ததில் அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. பசிகூட நன்றாக எடுத்தது.

வியாழக்கிழமை மழை பெய்தது. ஓஸ்வால்ட் துடித்துப்போனார். இந்த நேரம் பார்த்துச் செடி கொடி எல்லாம் பச்சைப்பசேல் என்று எழுந்து நின்றுகொண்டால் என்ன செய்வது? மறுநாள் ஆபீசிலிருந்து நேரே நிலத்துக்குப் போய், வேட்டைக்காரனைப் போல் கல் தேடினார். தேடிப் பொறுக்கிய கல்லை எல்லாம் ஆபீசர் ஜீப்பை நிறுத்தும் இடத்துக்கு எதிரிலேயே அழகாகக் குவித்து வைத்தார். கோவிந்தப்பா மரத்தடியில் நின்று வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டே இருந்தான், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை புது ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். வெங்கடகிருஷ்ணன் என்று பெயர். மல்லேஸ்வரத்துக்காரர். சின்ன வயசு. தலையைவிடப் பெரிய தொப்பி. கையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே இறங்கினார்.

"கிணறு எப்படி சார்? தண்ணி இருக்கா?"

"கிணறா? இதுக்குக் கிணறுன்னு யாரு சார் பேர் வெச்சது? எங்க மாமனார் ஒரு பள்ளம் தோண்டினாரு. மழை பேஞ்சா அதுல கொஞ்சம் ஈரம் தங்கும்."

"வெயில் காலத்துல?"

"வெயில் காலத்துல வாளிய விட்டா அடியில டங்குன்னு பாறையில இடிக்கும் சார். அக்கம்பக்கத்துல இருக்கறவங்க சர்ச் மணின்னு நெனச்சுக் குளிக்கக் கெளம்பிடுவாங்க. தவளைங்ககூடக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு."

வெங்கடகிருஷ்ணன் கோவிந்தப்பாவைப் பார்த்தார். "நிஜமாப்பா?"

ஓஸ்வால்ட் அவசரமாகக் கோவிந்தப்பாவின் பக்கம் திரும்பினார். நிலத்தைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் போதும், சாயங்காலம்வரை சண்டை பிடிக்கிற ஆசாமி கோவிந்தப்பா. இன்றோ, "ஹௌது சாமி," என்று கன்னடத்தில் ஆமாம் போட்டுவிட்டு, வெற்றிலையை அடுத்த கன்னத்துக்கு மாற்றிக்கொண்டான்.

ஓஸ்வால்டுக்கு இறக்கை முளைத்துவிட்டது.

"மண்ணு எப்படி?" என்றார் ஆபீசர்.

"மண்ணு எங்க சார் இருக்கு? கல்லுக்கு நடுவுல சந்து சந்தாக் கொஞ்சம் இருந்துச்சு. அதுவும் காத்துல பக்கத்து வயலுக்குப் போயிடுச்சு. இதோ பாருங்க, இந்தக் குவியல்! எல்லாம் நேத்து ஒரே சாயங்காலத்துல எடுத்தது. இன்னிக்குக் காலையில வந்து பாத்தா மறுபடியும் மொளச்சிருக்கு."

"அப்படியா!"

"ஹௌது சாமி," என்றான் கோவிந்தப்பா, கேட்காமலே.

"ஆனா கத்திரிச் செடி என்னவோ நன்னாத்தானே இருக்கு?" என்று வெங்கடகிருஷ்ணன் குனிந்து இலையைத் தடவினார்.

ஓஸ்வால்ட் வானத்தை ஒரு தடவை முறைத்தார். பாழாய்ப்போன மழை! ஆனால் பழகிய நாக்கு கைவிடவில்லை.

"அது வெளியிலதான் சார் பச்சை. உள்ள பூராவும் புழு. கல்யாணமான நாள்லேர்ந்து தின்னுட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

இதைச் சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. வெங்கடகிருஷ்ணன் அதைப் பார்த்துவிட்டார். எழுதுவதை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"இப்படியே இருந்தா மேற்கொண்டு என்னதான் பண்றதா உத்தேசம் சார்?"

இதுதான் சமயம். ஓஸ்வால்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"என்னத்தப் பண்றது? வித்துடப் போறேன். சைட் போடறவங்க ரெடியா இருக்காங்க. வீடாவது கட்டட்டும். அஸ்திவாரத்துக்குக் கல்லாவது உதவும்."

"விக்கப் போறேளா!" ஆபீசர் ஓரடி பின்னால் போய்விட்டார். "எப்போ?"

"நீங்க உதவி கெடையாதுன்னு எழுதின மறுநாளே."

வெங்கடகிருஷ்ணன் ஜீப்பின் மேல் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்து ஓஸ்வால்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"போறும் சார். உங்கள மாதிரி மனசத் தெறந்து பேசறவாளே இல்லே. நெலத்தக் காட்டுங்கோன்னா ராஜ்யத்தக் காட்டற மாதிரி காட்டறா எல்லாரும். எனக்கு வேண்டியது கெடச்சுடுத்து."

தமக்கு வேண்டியதும் கிடைத்துவிட்டது என்று ஓஸ்வால்ட் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஆபீசரே அவரை ஜீப்பில் ஏற்றிக் காக்ஸ் டவுனில் இறக்கிவிட்டார். ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு அவர் எதிர்வீட்டுக்குப் போய் ஆஸ்டினின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் ஓஸ்வால்டைப் பிடிக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் எதிர்வீட்டுக் காரைத் தம்முடைய துண்டாலேயே துடைத்தார். சாயங்காலம் வந்ததும் அதில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துப் பார்த்தார். "சீக்கிரம் சொல்லு மேன், கப்பல் எனக்காக நிக்காது," என்று எதிர்வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். "ஒரே ஒரு காயிதம் வரணும்," என்றார் ஓஸ்வால்ட். நோரா இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே கேழ்வரகு புடைத்தாள். மனசைத் தேற்றிக்கொள்கிறாள் என்று ஓஸ்வால்ட் எண்ணிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை ஆபீசிலிருந்து வந்தவரை நோரா வாசலிலேயே நிறுத்தினாள். நல்ல பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

"நெலத்துக்குப் போயிட்டு வரலாம் வாங்க. நானும் வரேன்."

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வர ஆசைப்படுகிறாள். பாவம் என்று ஓஸ்வால்ட் நினைத்துக்கொண்டார். நல்ல பெண். தகப்பனார் நிலத்தைப் புருஷனின் காருக்காக விட்டுக்கொடுக்கிறாள். தாமே முன்வந்து ஒரு ஜட்கா வண்டி பிடித்து, வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நெலம் போனா என்ன நோரா? முதல் தடவை உன்னத்தான் ஏத்திட்டுப் போவேன். கப்பன் பார்க்கைச் சுத்தி வரலாம்."

"சரிங்க."

"நீ பின்னாடி உக்காரு. நான் ஓட்டறேன்."

"சரிங்க."

பாணஸ்வாடி வளைவில் திரும்பும்போது 'டமார்' என்று ஒரு வெடிச் சத்தம் கேட்டது. குதிரை மிரண்டது. ஓஸ்வால்ட் எட்டிப் பார்த்தார். அவர்கள் நிலத்தில் ஒரு லாரி நின்றது. ஏகப்பட்ட ஆட்கள் நின்றார்கள். புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"யாரு இவங்க? சைட் போடறவங்க அதுக்குள்ள வந்துட்டாங்களா?"

புகைக்குள்ளிருந்து ஒரு பெரிய தொப்பி வெளியே வந்தது. அதற்குக் கீழே வெங்கடகிருஷ்ணன் வந்தார்.

"வாங்கோ சார், வாங்கோ! கங்க்ராஜுலேஷன்ஸ்! இந்தத் தாலுக்காவிலேயே உங்க நெலந்தான் முதல் சாங்ஷன். கிணத்துக்குள்ள பாறைய ஒடச்சுண்டிருக்கோம். பம்ப் செட் அடுத்த வாரம். திராட்சைக் கொடி ரெடி."

"சாங்ஷனா?" ஓஸ்வால்டின் குரல் அவருக்கே கேட்கவில்லை. "நான்தான் எல்லாம் மோசம்னு சொன்னேனே சார்!"

"அதனாலதானே சார்! கிணத்துல தண்ணி நெறைய இருக்கறவாளுக்கு உதவி எதுக்கு? பட்டணம் இந்தப் பக்கமா ஓடி வந்துண்டிருக்கு. தண்ணி வத்தினா வெறுத்துப்போய் வித்துடறா. எல்லாரும் வித்துட்டா ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குக் காய்கறி எங்கேருந்து வரும்? எந்த நெலம் ரொம்ப மோசமோ, எது நாளைக்கே கையவிட்டுப் போறதோ, அதுக்குத்தான் முதல்ல குடுக்கச் சொல்லி உத்தரவு. நீங்க சொன்னத அப்படியே எழுதினேன். அதப் படிச்சுட்டுப் பெரிய ஆபீசர் கண்ணத் தொடச்சுண்டாராம்."

"விக்கறது..."

"இனிமே விக்க முடியாது சார். கடன் தீர்ற வரைக்கும் நெலம் சர்க்காருக்கு அடமானம். அம்மா போன வாரமே வந்து கையெழுத்துப் போட்டுட்டா. கவலையே படாதீங்கோ, மெதுவாக் கட்டினாப் போறும். வருஷக்கணக்கா டைம் இருக்கு."

ஓஸ்வால்ட் தாம் கட்டிய கல் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கிணற்றுக்குள்ளிருந்து ஆட்கள் கூச்சல் போட்டார்கள். கோவிந்தப்பா துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினான். "நீரு பந்து! தண்ணி வந்திருச்சு அம்மாவரே!" நோரா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பை வழியிலேயே உதறிவிட்டு, சின்னப் பெண்ணைப் போல் ஓடினாள். கிணற்று விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி, இரண்டு கையாலும் அவரை வா வா என்று கூப்பிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஓஸ்வால்டுக்கும் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. தமக்கு எதற்காகச் சந்தோஷம் வருகிறது என்று அவருக்குக் கோபமும் வந்தது. இருந்தாலும் எழுந்து போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். பாறை வெடிப்பிலிருந்து அது கொப்பளித்துக்கொண்டு வந்தது. நல்ல தண்ணீர்தான், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திரும்பும்போது ஜட்காவில் அவர் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்துகொண்டார். எதிர்வீட்டுக்காரர் நேற்றே காரைப் பிரேசர் டவுன் டாக்டர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் என்ற செய்தியையும் நோராதான் மெதுவாகச் சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப போன வருஷம் ஏன் கெடையாதுன்னாங்க?"

"என்னாலதாங்க," என்றாள் நோரா. "ஆபீசர் வந்து கிணறு எப்படிம்மான்னாரு. எங்கப்பா தோண்டின கிணறு, கொறை சொல்ல எனக்கு வாய் வருமா? வத்தவே வத்தாதுன்னுட்டேன். மண்ணு எப்படின்னாரு. பொன்னுன்னுட்டேன். அப்ப உங்களுக்கு உதவி எதுக்கும்மான்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. வீட்டுக்கு வந்துதான் என் முட்டாள்தனம் புரிஞ்சுது. வெயில் வந்தா வத்துதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அடுத்த தடவை கேட்டாலும் அதேதான் என் வாயில வரும். என்ன பண்றதுன்னு யோசிச்சேன். இந்த நெலத்த மனசாரத் திட்டறதுக்கு, வாய் நெறையத் திட்டறதுக்கு, எனக்குத் தெரிஞ்சு ஊரிலேயே ஒருத்தர்தான் இருக்காரு."

"அப்ப கோவிந்தப்பா ஏன் ஆமாம் போட்டான்?"

"ஹௌது சாமியத் தவிர வேற ஒண்ணும் பேசாதேன்னு சொல்லியிருந்தேன். பாவம், அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலியாம் அவனுக்கு."

ஓஸ்வால்ட் ஜட்காக்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். முதுகும் சிரிப்பதுபோல் தோன்றியது.

"அப்புறங்க," என்றாள் நோரா, அவர் சட்டைக் காலரிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே. "வர்ற சனிக்கிழமை வேற வேலை வெச்சுக்காதீங்க. ஹென்னூர்ல சரளா நெலத்தப் பாக்க இதே ஆபீசர் வராரு. அவங்களுக்கும் என்ன மாதிரியேதான், வாய் வராது. நீங்க வந்து பேசுவீங்கன்னு சொல்லிட்டேன்."

"என்ன நோரா இது! அந்த நெலத்த நான் கண்ணால பாத்ததுகூட இல்லியே. என்னன்னு திட்டறது?"

"எங்கப்பாவோடதுன்னு நெனச்சுக்குங்க," என்றாள் நோரா. "தானா வரும்."